கிழக்குச் சுவருக்கு அடித்த வெள்ளை

பம்மலில் இருந்த எங்கள் வீட்டில் மூன்று சுவர்கள் சுவர்களாக இருந்தன. கிழக்குச் சுவர் மட்டும் பஞ்சாக இருந்தது. ஐப்பசி மழை அந்தப் பக்கமிருந்துதான் சாய்ந்து அடிக்கும். வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே சுவர் மூன்று நாள் கசிந்துகொண்டிருக்கும். இருந்த ஒரே கட்டிலை அம்மா அறையின் நடுவே இழுத்துப் போட்டுவிடுவார். எல்லோரும் தீவில் ஒதுங்கியவர்களைப்போல அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுவோம். எனக்கு அது பிடிக்கும். தங்கைக்குத்தான் ஆகாது. ஒரு வருடம் அவளைப் பிடித்த இருமல் தை மாதம்வரை போகவில்லை. ‘அடுத்த மழைக்கு ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது’ என்று அப்பா முடிவு செய்துவிட்டார்.

அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தார். அவரும் சரி, அம்மாவும் சரி, பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. ஆறாம் வகுப்புக்கு வந்திருந்த நான்தான் வீட்டில் எழுத்து தெரிந்தவன். மருந்துச் சீட்டு முதல் கல்யாணப் பத்திரிகை வரை என் கைக்குத்தான் வரும். அம்மாவுடைய அண்ணன், அதாவது என் மாமா, எதற்கும் ஒரு யோசனை கைவசம் வைத்திருப்பவர். சுண்ணாம்பு அடித்தாலே போதும் என்றார். அப்பா காதில் போட்டுக்கொள்ளாமல் என்னை அழைத்துக்கொண்டு பல்லாவரத்துக்கு பஸ் ஏறினார்.

பெயிண்ட் கடைக்காரர் முதலில் ஒரு டிஸ்டம்பர் டின்னை எடுத்து வைத்தார். அடித்தால் கல்யாண வீடு மாதிரி இருக்குமாம். நான் டின்னைத் திருப்பி, வகுப்பில் எழுந்து நின்று படிப்பதுபோல, ‘உட்புறச் சுவர்களுக்கு மட்டும்’ என்று உரக்கப் படித்தேன். கடையில் நின்றிருந்த இரண்டு கொத்தனார்கள் சிரித்துவிட்டார்கள். கடைக்காரருக்கும் சிரிப்புதான்.

“பையன் படிக்கிறானா?”

“ஆறாவது சார்.” கலெக்டர் என்று சொல்வதற்கு வேண்டிய கம்பீரம் அப்பாவின் குரலில் இருந்தது.

கடைசியில் வெளிச்சுவருக்கென்றே இருக்கும் சிமெண்ட் பெயிண்ட் வந்தது. மாவு மாதிரி இருக்கும்; தண்ணீரில் கரைத்து அடிக்க வேண்டும். கலர் அட்டையை அப்பா என்னிடம் நீட்டினார். எங்கள் பள்ளிக்கூடத்தின் நிறம் என்பதால் வெள்ளையைத் தொட்டேன்.

ஞாயிறும் திங்களுமாக மாமாவும் அப்பாவும் இரண்டு கோட்டு அடித்தார்கள். சுவரைப் பார்த்தால் கண் கூசியது. அடுத்து என்ன என்று டின்னைப் பார்த்து, பூசிய மறுநாளிலிருந்து காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று அறிவித்தேன். மாமா பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டார்.

“மழத்தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு பெயிண்ட் அடிச்சிட்டு, நாமளே குடத்தத் தூக்கிக்கினு போயி ஊத்தறதா? இன்னா மச்சான், உன் புள்ள டமாஸ் பண்றான்!”

“எழுதிக்கீது இல்ல? ஊத்து மச்சான்” என்றார் அப்பா.

அம்மாவுக்கு வேறு கவலை. தோல் ஷெட்டுகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் லேசான பழுப்பாக இருக்கும். நல்ல தண்ணீர் தெருக்கோடி பம்பில், வரிசையில் நின்றால் இரண்டு குடம். “கெணத்துத் தண்ணில உன் யூனிபாரத்தையே நான் தோய்க்கறதில்ல. அத்தப் போயி சுவத்துல ஊத்தலாமாடா?” என்று கேட்டார். நான் டின்னை மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை. படித்தவனிடம் இப்படியெல்லாம் கேட்கலாமா என்று இருந்தது. “தண்ணின்னுதாம்மா போட்டிருக்கு” என்றேன். அம்மா குடத்தைக் கிணற்றில் இறக்கினார்.

நாலு நாள் ஊற்றினோம். நாலாம் நாள் சாயங்காலம் சுவர் முழுக்கப் பழுப்புக் கோடுகள் இறங்கி, நடுவில் திட்டுத்திட்டாகப் பரவியிருந்தன.

“டீ கலர்ல வந்து நிக்கிது” என்றார் மாமா. “இன்னும் ரெண்டு நாள் ஊத்து மச்சான், பன்னு வச்சி வித்துடலாம்.”

அப்பா சிரிக்கவில்லை. டின்னை எடுத்து வரச்சொல்லி, அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். ‘காலையும் மாலையும் சுவரில்’ என்பதற்கு அடுத்து ‘சுத்தமான’ என்று தெளிவாக அச்சடித்திருந்தது. முதல் தடவை அவசரத்தில் என் கண் அதைத் தாண்டிப்போயிருக்கிறது. ஒரு நொடி நின்றேன். பிறகு, “தண்ணீர் தெளிக்கவும்” என்று முடித்துவிட்டேன்.

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாமாவிடம் திரும்பி, “கேட்டியா? புள்ள மேல தப்பு இல்ல. டின்னுல போடல” என்றார். அதன்பின் தெருவில் யார் கேட்டாலும் அதே பதில்தான். “அவ்ளோ பெரிய கம்பெனிக்காரன், எந்தத் தண்ணின்னு ஒரு வார்த்த போடக்கூடாதா?” நானும் பக்கத்தில் நின்று, கம்பெனிக்காரர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று வருத்தப்பட்டேன்.

ஐப்பசியில் மழை தன் வழக்கம்போல அந்தச் சுவரைத் தேடி வந்தது. இரண்டு நாள் விடாமல் அடித்தது. அப்பா மணிக்கொரு தடவை உள்பக்கம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, தங்கையின் கையையும் இழுத்து வைத்துக் காட்டினார். ஈரமே இல்லை. கட்டில் அதன் இடத்திலேயே கிடந்தது. அந்த வருடம் அவள் இருமவும் இல்லை. எதிர்வீட்டு அக்கா, “இந்தக் கலர் எந்தக் கடைலண்ணா கிடைக்குது? அழுக்கே தெரியல” என்று மாமாவிடம் விசாரித்தார். ஒரு டின் வெள்ளைக்கு எத்தனை குடம் கிணற்றுத் தண்ணீர் என்று மாமா பக்குவம் சொல்லிக்கொடுத்தார்.

மூன்று வருடம் கழித்து மறுபடி பெயிண்ட் அடிக்கும்போது, அப்பா டின்னைத் திறக்காமலே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “அவசரம் இல்ல நைனா. ஒவ்வொரு வார்த்தையா படி. எத்தையும் வுட்டுடாத” என்றார். விரல் வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அப்பா டின்னின் பக்கம் பார்வையைத் திருப்பவே இல்லை. முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், எழுத்து தெரியாதவர், டின்னைப் பார்த்து என்ன செய்யப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.