ருமேனியாக்காரரின் முழங்கால்

எனக்கு நினைவு தெரிந்து நான் முதலில் பயந்தது ‘கேன்சல்’ என்ற சொல்லுக்கு. பேய், பூச்சாண்டி பற்றியெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை, தேவை இருக்கவில்லை. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் அப்பாவுக்கு விசா கேன்சல் ஆன வாரம், ஆசிரியை பெயர் கூப்பிடும்போது அவளைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனார். அவ்வளவுதான். அவள் மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் மட்டும் ஜன்னலோரம் கோடை விடுமுறை வரை இருந்தது.

நாங்கள் அப்போது அமீரகத்தில், புஜைராவில் இருந்தோம். நான் நான்காம் வகுப்பு. எந்த ஆண்டு என்பதில் அப்பாவும் அம்மாவும் இன்றுவரை ஒத்துப்போவதில்லை. பருவத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. மைதானத்தில் வெயில்காலப் புல் பழுப்பாகி, அதன்மேல் தூவிய குளிர்காலப் புல் முளைத்து முதல் வெட்டும் முடிந்திருந்தது. பள்ளிக்குக் குளிர்கால விடுமுறை இன்னும் விடவில்லை. ஆகவே டிசம்பரின் முதல் பாதி.

அப்பா ஒரு கால்பந்து கிளப்பில் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். பம்ப் அறையை ஒட்டிய இரண்டு அறை வீடு கிளப் கொடுத்தது. விசாவும் கிளப் கொடுத்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கேயே ஆட்டக்காரர்களின் ஜெர்ஸிகளைத் துவைத்து மடித்துவைக்கும் வேலையில் இருந்தார். அப்பாவை நம்பித்தான் மாமா வந்திருந்தார். அப்பா போனால் எல்லோரும் போக வேண்டியதுதான்.

அந்த ஆட்டப் பருவத்தில் கோல் அடிப்பதற்காகக் கிளப் கூட்டிவந்தவர் ஒரு ருமேனியாக்காரர். சொந்த நாட்டில் இரண்டாம் டிவிஷனில் தொடங்கி, ஹங்கேரி, சைப்ரஸ், கஜகஸ்தான், குவைத் என்று கால் போன போக்கில் ஆடிக்கொண்டு வந்தவர். பின்னாளில் அவர் ஆடிய இடங்களையெல்லாம் தேடி வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன். எந்தக் கிளப்பிலும் இரண்டாவது பருவத்தை அவர் முடித்ததாகத் தெரியவில்லை.

“இவனும் நம்மாளுதான் மச்சான்,” என்பார் மாமா. “காண்ட்ராக்ட் முடிஞ்சா பொட்டியத் தூக்கிட்டு அடுத்த சைட்டு. என்ன, நமக்குக் கைதட்ட ஆளில்ல.”

“அவருக்கு மட்டும் இப்ப யாரு தட்டுறா?” என்பார் அப்பா. ருமேனியாக்காரர் கோல் அடித்து வெகுநாளாகியிருந்தது.

பயிற்சி முடிந்ததும் எங்கள் வீட்டு வாசற்படிக்கு வந்து உட்காருவார். அந்தப் பக்கத்தில் அவரோடு இங்கிலீஷ் பேச என்னைவிட்டால் ஆளில்லை. அம்மாவிடம் ஐஸ் வாங்கி வலது முழங்காலில் வைத்துக்கொள்வார். கிளப்பின் பிசியோதெரபிஸ்ட் அந்தப் பக்கம் வந்தால் ஐஸ் பையைச் சட்டென்று என் முழங்காலுக்கு மாற்றிவிடுவார். “பாவம், குழந்தை விழுந்துவிட்டது,” என்பார். நான் முகத்தைச் சுளித்து நடிக்க வேண்டும். அது எங்கள் விளையாட்டு. எதற்கு அந்த விளையாட்டு என்று நான் கேட்டதில்லை.

விளக்கு போட்டிருந்த ஒரு மாலைப் பயிற்சியில் அது நடந்தது. மைதானக் கோட்டுக்கு வெளியே தண்ணீர்க் குழாய்களின் வால்வுகள் இருக்கும் சிறு குழிகளுக்குப் பச்சை பிளாஸ்டிக் மூடி உண்டு. அன்று ஒரு குழியில் கசிவைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவை, கோல் கம்பத்தை நகர்த்த அவசரமாகக் கூப்பிட்டார்கள். மூடியை மேலே வைத்தவர் திருகவில்லை. வெளியே போன பந்தை விரட்டி வந்த ருமேனியாக்காரரின் கால் அதன்மேல் பட்டது. மூடி புரண்டது. கால் உள்ளே போனது, உடம்பு வேறு பக்கம் போனது. அவர் போட்ட சத்தத்தில் மதில்மேல் இருந்த புறாக்கள் எழுந்தன.

வாசற்படியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லோரும் அவரைச் சுற்றிக் குனிந்திருக்கையில், அப்பா பின்னால் நின்று, மூடியைக் காலாலேயே குழிமேல் தள்ளிவிட்டதையும் பார்த்தேன்.

வீட்டுக்குள் அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். “இங்க பாரு. யாரு கேட்டாலும் நீ எழுதிக்கிட்டு இருந்தே. நிமிந்து பாக்கல. என்ன?”

“நிமிந்து பாக்கல,” என்றேன்.

விசாரணை வரும் என்றார் மாமா. ஜனவரியில் கிளப்புகள் ஆட்டக்காரர்களை மாற்றும் நேரம் வருகிறது, காசு போட்டுக் கொண்டுவந்தவன் கால் முடங்கிக் கிடக்கிறான், யார் தலையாவது உருளாமல் இருக்காது என்றார். அம்மா அலமாரியின் மேலிருந்த பெரிய சூட்கேஸை இறக்கினாள். தூசி தட்ட என்றாள். தட்டியபின் மேலே வைக்கவில்லை. வெளியே கார் வந்து நிற்கும்போதெல்லாம் அடுப்பைக் குறைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். பள்ளியில் ஆசிரியை பெயர் கூப்பிடத் தொடங்கினால், என் பெயர் வரும்வரை மூச்சு விடமாட்டேன். வந்ததும், முந்தின நாளைவிடச் சத்தமாக “பிரசன்ட்” என்பேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு மாலை, அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு ருமேனியாக்காரர் வாசற்படிக்கு வந்தார். அம்மா ஐஸ் எடுக்க உள்ளே போனாள். திறந்த கதவு வழியே அவர் சூட்கேஸைப் பார்த்தார்.

“லீவில் ஊருக்குப் போகிறீர்களா?”

“இல்லை. கேன்சல்,” என்றேன்.

“யாருக்கு?”

“எல்லோருக்கும். அந்த மூடி அப்பாவுடைய வேலை.”

நிமிர்ந்து பார்க்கவில்லை என்று சொல்லச் சொன்னார்களே தவிர, மூடி யாருடைய வேலை என்று சொல்லக்கூடாதென்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மா கொண்டுவந்த ஐஸை அவர் முழங்காலில் வைத்துக்கொண்டு, அது முழுக்கத் தண்ணீராகும்வரை உட்கார்ந்திருந்தார்.

அதற்கு மறுநாள் நான் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது குழியருகே ஆட்கள் நின்றிருந்தார்கள். எகிப்துக்கார மேனேஜர், கோச், கட்டைகளோடு ருமேனியாக்காரர். அவர்கள் எதிரே அப்பாவும் மாமாவும், பிரார்த்தனைக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்த பையன்களைப்போல. நான் பையைக்கூடக் கழற்றாமல் மாமாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

மேனேஜர் ஷூ நுனியால் மூடியைத் தூக்கினார். விசாரணைவரை யாரும் அதைத் தொடக்கூடாதென்று உத்தரவு, அது சுலபமாக எழும்பியது. “யே கிஸ்கா காம் ஹை?” என்றார், வளைகுடாவில் பழகிய இந்தியில். யாருடைய வேலை இது?

அப்பா வாயைத் திறப்பதற்குள் ருமேனியாக்காரர் பேச ஆரம்பித்தார். மெதுவான இங்கிலீஷ். மேனேஜரின் முகம் மாறியது.

“என்னத்தா சொல்றான்?” மாமா என் தோளைக் கிள்ளினார்.

“குழில கால் படவே இல்லையாம் மாமா. அதுக்கு முன்னாடியே முட்டி திருகிக்கிச்சாம்.”

“அப்புறம்?”

“அது பழைய வலியாம். சைப்ரஸ்ல ஆபரேஷன் பண்ணாங்களாம். இங்க சேக்குறப்ப டாக்டர்கிட்ட மறைச்சிட்டாராம்.”

பெரியவர்கள் எல்லோருக்கும் நடுவில் அது எனக்கு மட்டும் முழுதாகப் புரிகிறது என்ற பெருமையில் தெளிவாகச் சொன்னேன். மாமா கிள்ளுவதை நிறுத்திவிட்டார்.

மேனேஜர் அப்பாவிடம் திரும்பினார். “நீ பக்கத்தில்தானே இருந்தாய்? கால் இதில் விழுந்ததா, இல்லையா? நேராகச் சொல்.”

அப்பா ருமேனியாக்காரரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் யூனிஃபார்மை, பையை, பாட்டிலை. பொய் சொன்னால் இரவுச் சாப்பாடு இல்லை என்று என்னிடம் கண்டிப்பாக இருந்த மனிதர்.

“நஹி சாப்,” என்றார். “விழவில்லை.”

“கலாஸ், முடிந்தது,” என்று மேனேஜர் கையைத் தட்டிக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா சூட்கேஸை அலமாரிமேல் ஏற்றிவிட்டு ரவையை வறுத்தாள். மாமா மட்டும் அடுப்பருகே தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

“கிளப்பு மைதானத்துல அடிபட்டான்னா பருவம் முடியிற வரைக்கும் வச்சு வைத்தியம் பாக்கணும்க்கா. மறைச்சிட்டேன்னு அவனே சொல்லிட்டா அன்னிக்கே அனுப்பிடலாம். இனி எந்த கிளப்பு அந்த முட்டியத் தொடும்?”

“அவருக்குத் தெரியாமலா சொல்லியிருப்பாரு?” என்றாள் அம்மா.

கேசரி பொன்னிறமாக வந்திருந்தது. எனக்குப் பேச்சைவிட அதில்தான் கவனம். அப்பா தட்டைத் தொடவில்லை. அப்பாவின் பங்கையும் நான்தான் சாப்பிட்டேன்.

அந்த வாரமே ருமேனியாக்காரர் கிளம்பினார். டாக்ஸி பம்ப் அறை வரை வந்தது. அவருடைய இரண்டு பெட்டிகளையும் அப்பா வேறு யாரையும் தொடவிடாமல் தானே தூக்கிவந்து வைத்தார். ஊருக்குப் போகிறவர் இவ்வளவு சோர்வாக இருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். எனக்குத் தெரிந்து லீவில் போகிறவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் போவார்கள்.

காரில் ஏறுமுன் அவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நல்ல புல். நான் ஆடிய எந்த ஊரிலும் இவ்வளவு நல்ல புல் இல்லை,” என்றார்.

அப்பா அந்தக் கையை விடாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது என்பது எனக்குத் தெரியும். பாவம், இந்தச் சின்ன வார்த்தைகூடத் தெரியவில்லையே என்று நினைத்து, அப்பாவுக்காக நானே முன்னால் போய், பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி, சத்தமாக “தேங்க் யூ” என்றேன்.