யாரும் போனதாகச் சொல்லாத அறை

ஸ்ரீரங்கத்துச் சவரக் கடையில் பாதி முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். வாசலில் சைக்கிளை நிறுத்திய எங்கள் கல்லூரி நூலகர், “உங்க ஆரோக்கியசாமி போயிட்டாருங்க” என்றார். மீதி முகத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

திருச்சியில் ஒரே கல்லூரியில் அவர் ஆங்கிலம், நான் வரலாறு. என் ஆங்கிலத்துக்கு அஞ்சித்தான் வெள்ளைக்காரனே கப்பலேறினான் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. துறையூர், திருவெள்ளறைப் பக்கமிருந்து தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் ஆங்கிலக் கட்டுரை எழுதத் திணறுவதைப் பார்த்து, மாடிப்படிக்குக் கீழே கிடந்த அறையை அவர் கேட்டு வாங்கினார். மாலையில் கட்டுரையோடு யாரும் வரலாம். ஆனால் ஒரு வரிகூட எழுதித் தர மாட்டார். “முதல்ல தமிழ்ல சொல்லுப்பா. சொல்ல வந்தது உனக்கே தெரியட்டும்” என்பார்.

“எழுதித் தருவாருன்னு போனா, கதை கேக்குறாருடா” என்று கேன்டீனில் ஒருவன் அங்கலாய்த்தான். “அது மக்குங்க ஆஸ்பத்திரி. போனா பேரு கெட்டுடும்” என்றான் இன்னொருவன். சமயபுரத்துத் தேர்க்கூட்டத்தைவிடப் பெரிதாக அந்தப் பெயர் திரண்டது. அறையில் ஈக்கள் மட்டும் பட்டப்படிப்பு முடித்தன.

அதனால் ஆரோக்கியசாமி, காவிரிக் கரையில் உள்ள அம்மா மண்டபம் படித்துறைக்கு இடம் மாறினார். காற்று வாங்க வருபவர்கள்போல் ஒவ்வொருவராக வந்தார்கள், சட்டைக்குள் மடித்த கட்டுரையோடு. நன்றாகவே எழுதவும் தொடங்கினார்கள்.

ஆண்டு முடிவில், அறையை வைத்துக்கொள்வதா என்று முதல்வர் மாணவர்களையே கூப்பிட்டுக் கேட்டார். நாங்கள் இருவரும் அருகில் இருந்தோம். நின்றவர்களில் பாதிப் பேர் படித்துறைக்கு வந்தவர்கள்.

“எனக்கு அதெல்லாம் தேவைப்படலைங்க சார்” என்றான் ஒருவன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். மறுநாளே அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவிட்டார்கள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஓய்” என்று ஆரோக்கியசாமியிடம் மலைக்கோட்டை அதிரக் கத்தினேன்.

“சொன்னா அந்தப் பையன் மூஞ்சிய எங்க வெச்சுக்குவான்?” என்றார்.

பிறகு பிள்ளைகள் அவர் கண்ணில் படவே வெட்கப்பட்டார்கள். படித்துறைக்கும் வரவில்லை. அவர் மட்டும் போய்க்கொண்டிருந்தார். ஒரு மாலை பின்னாலிருந்து நான் படியிறங்கினேன். காலடிச் சத்தம் கேட்டதும், திரும்பிப் பார்க்காமலே சற்று நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். “உட்காருப்பா” என்றார்.

வந்தது மாணவன் இல்லை, நான்தான் என்று சொல்ல மனம் வரவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அவரிடமிருந்து எனக்கென்று வைத்திருப்பது அந்த நகர்தல் ஒன்றைத்தான்.