நாற்றம் அடங்கிய பிறகு

எங்கள் கல்லூரியில் அறிவியல் கற்பித்தல் நடத்தும் மேடத்துக்கு ஒரு பழக்கம். யார் எதைச் சொன்னாலும், "சரி, எப்படித் தெரியும்?" என்பார். "இன்னிக்கி மழை வரும் போல இருக்கு மேடம்" என்று பேச்சுக்குச் சொன்னாலும் அதே கேள்விதான். ஆசிரியர் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் தங்களுக்குள் அவரை 'எப்படித்தெரியும் மேடம்' என்றே சொல்லிக்கொண்டார்கள்.

நான் அங்கே ஆய்வக உதவியாளர். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவள், கண் ஒத்துழைக்காமல் நின்றுவிட்டு, வேலூரை ஒட்டிய இந்த பி.எட். கல்லூரியில் குடுவை கழுவச் சேர்ந்தேன். படிப்பு பத்தாவதோடு சரி. மீதியெல்லாம் புட்டிகளில் ஒட்டிய சீட்டையும் பழைய வேதியியல் புத்தகங்களையும் எழுத்துக்கூட்டிப் படித்தும், வெட்கப்படாமல் கேட்டும் வந்ததுதான். ஆனால் புத்தகத்தைவிட ஜனங்களின் பேச்சுதான் எனக்கு ருசி. கணியம்பாடியில் பஸ் ஏறிய பூக்காரம்மா ஒருத்தி, "வெயிலு இன்னிக்கி ஆளைப் பாத்துப் பாத்து அடிக்கிது" என்றாள். அன்று முழுவதும் அதையே மென்றுகொண்டிருந்தேன். அப்படித்தான் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளில் புழங்கும் ஒரு பேச்சும் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்ததும் சொல்வார்கள்: "நில்லு, நாத்தம் அடங்கட்டும். அப்பறமா எறங்கு."

மேடம் அந்த வருடம் வினவிக் கற்றலைப் பாடமாக எடுத்தார். ஆசிரியர் பதில் சொல்லக் கூடாது. பிள்ளைகளே கேள்வி எழுப்பி, தாங்களே செய்து பார்த்து, தாங்களே ஒரு முடிவுக்கு வர வேண்டும். "மத்தவங்களுக்கு நடத்தறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை அப்படிக் கத்துப் பாருங்க" என்று எல்லோரையும் ஆளுக்கொரு கேள்வி கொண்டுவரச் சொன்னார். சொந்த வாழ்க்கையிலிருந்து, உண்மையிலேயே பதில் தெரியாத கேள்வி.

முதல் தோசை மட்டும் ஏன் கல்லில் ஒட்டுகிறது என்றாள் ஒருத்தி. பிரியாணி மறுநாள் ஏன் ருசி ஜாஸ்தி என்றான் ஒருவன். "மறுநாள் வரைக்கும் மிச்சம் வெக்கிறியா? நீ ஆம்பூர்ப் பக்கமே வராத" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது.

அப்போதுதான் ஆம்பூரிலிருந்து தினமும் ரயிலில் வரும் அந்தப் பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள்.

"அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற எடத்துல ஒருத்தர் நின்னா, கொஞ்ச நேரத்துல அது அவருக்குத் தெரியாம போய்டுமா மேடம்? குடிக்காம, தெளிவா இருக்கிற ஆளுக்கு?"

"உங்க ஊருக்குன்னே கேள்வி வெச்சிருக்கியே!" என்றான் பிரியாணிக்காரன். மறுபடி சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. மேடமும் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. எப்படிச் சோதிப்பீங்கன்னு யோசிங்க" என்றார்.

மதியம் அவள் ஆய்வகத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். திறந்தது திறந்தபடியே இருந்தது.

"இன்னா கண்ணு, கொழம்பு நல்லா இல்லியா?"

"எங்கப்பா டேனரி தொட்டியில எறங்கி செத்துப்போய்ட்டாருக்கா. நான் பிளஸ் டூ படிக்கும்போது."

பிறகு அவளே சொன்னாள். அவர் முன்பு குடித்துக்கொண்டிருந்தவர். ஒரு வருடம் சோளிங்கர் மலையேறி, நரசிம்மர் சன்னதியில் சத்தியம் பண்ணிக் குடியை விட்டார். அதன் பிறகு தொட்டதில்லை என்றுதான் வீட்டில் நம்பியிருந்தார்கள். அவர் இறந்த அன்று டேனரி மேஸ்திரி வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனான்: "அந்த நாத்தத்துல தெளிவா இருக்கிறவன் நிப்பானா? மூக்கைப் பொத்திக்கினு மேல ஏறி வந்திருக்க மாட்டான்? நல்லா ஊத்திக்கினு எறங்கியிருக்கான்."

அந்த வார்த்தை வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. அம்மா அவர் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. வருடம் திரும்பும் நாளில் விளக்கு வைப்பதும் இல்லை. "சாமி முன்னாடி சத்தியம் பண்ணிட்டுக் குடிச்ச ஆளுக்கு வெளக்கு எதுக்குடி?" என்பாளாம். படம் அரிசி டிரம்முக்குப் பின்னால், சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

"அவரு வார்த்தை தவறினாரா இல்லியா, எனக்கு அது தெரியணும்க்கா" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

கற்பித்தல் பயிற்சிக்கு அவளுக்கு ஆம்பூரிலேயே ஒரு பள்ளி கிடைத்தது, டேனரிக்கு இரண்டு தெரு தள்ளி. எட்டாம் வகுப்பு. மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போட வந்தார். சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பெட்டியில் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு கட்டு ஊதுவத்தி.

பாதிப் பிள்ளைகளை வெளியே மரத்தடிக்கு அனுப்பினாள். மீதிப் பேரை உள்ளே வைத்து, ஜன்னலைச் சாத்தி, அலமாரிக்குப் பின்னால் வத்தி கொளுத்தினாள். கதை பேசி நேரம் போக்கிவிட்டுக் கேட்டாள்: "இப்ப வாசனை வருதா?"

"இல்ல டீச்சர். போய்டுச்சி."

கதவைத் திறந்ததும் வெளியே இருந்தவர்கள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். "ஐயே, இன்னாடா இது, கோயிலு மாதிரி இருக்கு!"

"பொய்யி டீச்சர்! ஒண்ணும் வர்ல!" என்றார்கள் உள்ளே இருந்தவர்கள்.

"உனக்குத்தான்டா மூக்கு அவுட்டு!"

சண்டை வலுத்தது. அவள் பதில் சொல்லவில்லை. "வத்தி எரியுதா, அணைஞ்சிடுச்சா? எப்படித் தெரியும்? போய்ப் பாருங்க" என்றாள். ஓடிப் பார்த்தார்கள். எரிந்துகொண்டிருந்தது.

முன் வரிசைப் பெண் ஒருத்தி கண்ணை அகல விரித்தாள். "டீச்சர், எங்க சித்தப்பா ஊர்லேர்ந்து வந்தா, தெருவுல நொழையும்போதே மூக்கைப் பொத்திக்குவாரு. எப்பிடித்தான் இங்க குடும்பம் பண்றீங்களோன்னுவாரு. எங்களுக்கு ஒண்ணுமே வராது."

"எங்க அத்தையும் டீச்சர்!" "எங்க மாமாவும்!"

"அப்ப நாத்தம் இருக்கா, இல்லியா?"

"இருக்கு டீச்சர். நம்ம மூக்குதான் லீவு போட்டுடுச்சி."

வகுப்பு குலுங்கியது. மேடம் பேனாவை வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தாமாகவே வந்து சேர்ந்துவிட்டார்கள். அதுவரை எல்லாம் அழகாகத்தான் போனது.

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், எங்கப்பா டேனரிக்குப் போவுது. தொட்டியில எறங்கறதுக்கு முன்னாடி நாத்தம் அடங்கற வரைக்கும் நிப்பாங்களாம். அப்ப அது அடங்கவே இல்லியா?"

முறைப்படி அந்தக் கேள்வியை வகுப்புக்கே திருப்பிவிட வேண்டும். நீ என்ன நினைக்கிறாய், எப்படிச் சோதிக்கலாம் என்று கேட்க வேண்டும். அவள் கையில் சாக்பீஸ் ஒடிந்தது.

"எறங்கக் கூடாதுன்னு சொல்லு" என்றாள். "வீட்டுக்குப் போன உடனே சொல்லு. நாத்தம் போய்ட்டா விஷம் போய்டுச்சின்னு அர்த்தம் இல்ல. எறங்கவே கூடாதுன்னு சொல்லு."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "சொல்வேன் டீச்சர். மேஸ்திரிகிட்ட நீ வந்து சொல்றியான்னு கேக்கும் எங்கப்பா."

மேடம் பேனாவை மூடிவிட்டார்.

மறுநாள் ஆய்வகத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் பழைய வேதியியல் புத்தகத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வரும் பக்கத்தை எடுத்து வைத்தேன். மேடம் நிதானமாகச் சொன்னார். ஊதுவத்தியில் மூக்கு பழகிப்போகிறது. இந்த வாயுவோ, அதிகமாக இருந்தால் நுகரும் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுபோகும் இடம்தான் ஆபத்தான இடம்.

"ஆனா ஒண்ணு" என்றார். "உங்கப்பா குடிக்கலன்னு இது நிரூபிக்காது. மேஸ்திரி சொன்ன காரணம் தப்புன்னு மட்டும்தான் காட்டுது. தெளிவா இருக்கிற ஆளுக்கும் தெரியாம போவும்."

"அது போதும் மேடம்" என்றாள். புத்தகத்தை அவளிடமே கொடுத்தனுப்பினேன்.

சனி, ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமை வந்து புத்தகத்தைத் திருப்பி வைத்தாள். முகம் சரியில்லை.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்க்கா. ஊதுவத்தி கொளுத்திக் காட்டினேன். புத்தகத்தைப் படிச்சிக் காட்டினேன். முழுசா கேட்டாங்க."

"இன்னா சொன்னாங்க?"

"அழல. நீ ஏன்டி இதெல்லாம் போய்த் தேடினன்னாங்க. அவரு குடிச்சிருந்தாருன்னு நானா கெட்டியா புடிச்சிக்கினு இருந்தேன், போதையில போனா ஒண்ணும் தெரியாம போயிருப்பாரு இல்லியான்னாங்க."

இத்தனை வருடம் அந்த அம்மா திட்டியதெல்லாம், மேஸ்திரி போட்டுவிட்டுப் போன வார்த்தையைக் கையைவிட்டு நழுவாமல் பிடித்துக்கொள்ளத்தான். சாகும்போது அவருக்கு எதுவும் தெரிந்திருக்கக் கூடாது, அதுதான் அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது.

"அப்பறம் ஒரு கேள்வி கேட்டாங்க" என்றாள். "மூக்கு போனதுக்கு அப்பறம் ஆளு போறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்னு."

வாயு எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் உண்டு. அன்று அந்தத் தொட்டியில் யாரும் அளந்து பார்க்கவில்லை. அளந்திருந்தால் அவர் இறங்கியே இருக்க மாட்டார்.

"நீ இன்னா சொன்ன?"

"ஒரே மூச்சும்மா, ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுன்னு சொல்லிட்டேன்." விரலால் மேசையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "உடனே, ஒனக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டாங்கக்கா."

வெளியே மேடம் யாரிடமோ இதையே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குரல் வராந்தாவில் வந்து போயிற்று.

"போட்டோவை வெளிய எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்துத் தொடச்சி மாட்டிட்டாங்க. வெளக்கும் வெச்சாங்க." எழுந்து அடுத்த வகுப்புக்கான சாமான் பெட்டியைத் திறந்தாள். "ஆனா இப்ப அவரு படம் இருக்கிற ரூம்ல ஒக்கார மாட்டேங்கிறாங்கக்கா. சோத்துத் தட்டை எடுத்துக்கினு வெளிய போய்டறாங்க."

பெட்டியில் மிச்சமிருந்த ஊதுவத்திகளை எண்ணாமல் அப்படியே எடுத்து என் கையில் கொடுத்தாள்.