எல்லாவற்றுக்கும் சரி என்ற அக்கா

நீதிமன்றத்தை விட்டு பஸ் நிலையத்தை நோக்கி மூவரும் நடந்துகொண்டிருந்தோம். அக்காவின் வலக்கை என் தோளில் கிடந்தது. இடப்பக்கத்தை அவள் மகள் கவிதா தாங்கிக்கொண்டாள். அக்காவின் வலது கால் தரையைத் தேய்த்தபடி வந்தது.

"மெதுவா வாக்கா" என்றேன்.

"சரி."

பக்கவாதம் வந்த பிறகு அவளிடம் மிஞ்சிய ஒரே சொல் அதுதான். கரவனெல்லப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள், ஒரு காலையில் மரத்தடியில் விழுந்தாள். நான் அப்போது கஹவத்தையில் லொறியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது டாக்டர் அதைப் பேச்சிழப்பு (மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சொல்லவும் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் முடியாமல் போவது) என்றார். நடக்கவைக்கலாம், பேச்சுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்.

கால் கொஞ்சம் வந்தது. பேச்சு வரவில்லை. சோறு வேணுமா என்றாலும் சரி, வேண்டாமா என்றாலும் சரி.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், பாதுகாவலர் (தானே முடிவெடுக்க முடியாதவருக்காகவும் வயது வராத பிள்ளைக்காகவும் நீதிமன்றம் நியமிப்பவர்) யார் என்பதை முன்கூட்டியே விசாரித்துவையுங்கள். கவிதாவுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் நான் இருக்கிறேன், வேறென்ன வேண்டும் என்று நினைத்துவிட்டேன்; விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போய்விட்டது.

அன்று காலை விசாரணையில் நீதிபதி மொழிபெயர்ப்பாளர் மூலம் அக்காவைக் கேட்டார். தம்பி உங்களையும் மகளையும் பொறுப்பெடுக்கச் சம்மதமா?

"சரி."

எனக்கு உயிர் வந்தது. அவர் அவளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். மகளைச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பலாமா?

"சரி." அதே முகம், அதே குரல். கவிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு என்னைக் கேட்டார். சிங்களத்திலேயே சொன்னேன். இந்தப் பிள்ளை பெரியவளானபோது தென்னோலை வெட்டிக் குடிசை கட்டியவன் நான்தான், எங்கள் ஆட்களில் அதற்குமேல் உரிமை கிடையாது என்றேன். நீதிபதி சிரிக்கவில்லை. எங்கே குடியிருக்கிறீர்கள் என்றார். வேலை இருக்கிற இடத்தில் என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வழக்கை மறுபடி எடுக்கும் அடுத்த தவணைக்குள் நிலையான வீடும் வேலையும் காட்ட வேண்டும் என்றார் நீதிபதி. இல்லாவிட்டால் பிள்ளை இல்லத்துக்குப் போவாள். அக்கா குடியிருக்கும் லயத்துக் காம்பராவோ (தோட்டம் கொடுக்கும் வரிசைவீட்டு அறை) தோட்டத்தில் பேர் பதிந்தவர்களுக்கு மட்டும்தான். அக்காவின் பேரை ஏற்கெனவே வெட்டிவிட்டார்கள்.

பஸ்ஸில் கவிதா கேட்டாள்: "மாமா, எத்தன நாளைக்கு இருப்பீங்க?"

"ஏன் கேக்குற?"

"போன தடவ சீனி வாங்கப் போறேன்னு போனீங்க. தீவாளிக்குத்தான் வந்தீங்க. வெறுங்கையோட."

"கட பூட்டியிருந்திச்சி."

"சரி" என்றாள் அக்கா. கவிதா சிரித்தாள். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

மறுநாள் காலை, தோட்டத்தில் ஆட்களைப் பதிந்து வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையிடம் போனேன்.

"நீயா? ஒங் காலு ஒரு எடத்துல நிக்காதுப்பா."

"நிக்க வச்சிர்றேங்க. பேரப் போடுங்க."

"பால் வெட்டத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அவர் கத்தியைக் கொடுத்து, அக்கா வெட்டிய மரங்களுக்கே கூட்டிப்போனார். ஆள் இல்லாமல் அவை அப்படியே கிடந்தன. எல்லா மரத்திலும் வெட்டுகள் ஒழுங்காகச் சரிந்து இறங்கின. ஒரு மரத்தில் மட்டும் கடைசி வெட்டு பாதியில் கீழே இழுபட்டு, பட்டையைத் தாண்டிக் கட்டைக்குள் போயிருந்தது. கணக்கப்பிள்ளை அந்த வெட்டுக்குக் கீழே விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

"அத விட்டுட்டுக் கீழ வெட்டு. அந்தப் பட்ட வளர வருசக்கணக்குல ஆகும்" என்றார்.

அதுவரை எனக்குக் காலம் என்பது அடுத்த பஸ் வரும்வரைதான். கீழே ரோட்டில் ஒன்று போகும் சத்தம் கேட்டது. என் கால்கள் அந்தப் பக்கம் திரும்பின. அவற்றைத் திருப்பி மரத்தடியில் ஊன்றிக்கொண்டு கத்தியை வைத்தேன்.

என் வெட்டும் கோணல்தான். பால் வந்தது.