ஓ நெகட்டிவ் தேடிய மதியம்

நான் முட்டாள் என்பதை எனக்கு நிரூபித்தது நானே எழுதிய புரோகிராம்தான். எண்பதுகளின் கடைசி அது. தர்மபுரியில் ரத்தம் கொடுக்கும் சில நூறு பேரின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நொடியில் தேடித் தருவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு மதியம் பென்னாகரத்துக்காரர் ஒருவர் ஓடிவந்தார். "பிரசவமாயி சம்சாரத்துக்கு ரத்தம் நிக்கலீங்க. ஓ நெகட்டிவ் யாருன்னு பாருங்க."

தட்டினேன். "பெயர்?" என்று கேட்டது திரை. பெயரை வைத்துத் தேட மட்டுமே அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

மொத்தப் பட்டியலையும் ஓடவிட்டு இருவரும் வரிவரியாகப் படித்தோம்.

"இன்னும் எவ்ளோ இருக்குதுங்க?"

அடுத்த பக்கத்துக்குத் தட்டினேன். கடைசிப் பக்கத்தில்தான் இண்டூர் வாத்தியார் ஒருவர் கிடைத்தார். ஸ்கூட்டரில் போய் அழைத்துவந்தேன். அந்த அம்மா பிழைத்தார்.

மறுநாள் நன்றி சொல்ல வந்த கணவர் கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்தார்.

"பேரு தெரிஞ்சிருந்தா நேரா அவரு வூட்டுக்கே போயிருப்பனுங்க. உங்ககிட்ட எதுக்கு வர்றேன்?"