படம் எடுக்க விடாதவர்

உதடுகளுக்கு நடுவே நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டுதான் அவர் பேசுவார். அந்த நேரத்தில் ‘ப’வும் ‘ம’வும் விடுப்பில் போய்விடும். “அந்த ...க்க... கொஞ்ச... இழுங்க” என்றால், விட்ட எழுத்துகளை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

துணிக்கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது அவர் வேலை. தெருவுக்கே அவர் பொம்மைக்காரம்மா. மாதம் இருமுறை பழையதைக் கலைத்துப் புதிதாக வைப்பார். “கையக் கழட்டுறேன், கோவிச்சுக்காத” என்று பொம்மையிடம் சொல்லிவிட்டுத்தான் கழற்றுவார். பக்கத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் எனக்கு அந்த மரியாதைகூடக் கிடைத்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் மூன்று பொம்மைகளுக்கு மழைக்கோட்டு மாட்டி, எதிர்க்காற்றில் போகிறவர்களைப் போலச் சாய்த்து நிறுத்தினார். நடுப்பொம்மையின் கையில் குடை பின்பக்கமாகப் புரண்டிருந்தது. தூண்டில் நரம்பால் கட்டியிருந்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. பார்த்தவர்கள் காற்றே இல்லாத தெருவில் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

யாராவது கைபேசியைத் தூக்கினால் போச்சு. “பாத்துட்டுப் போங்க, எடுத்துட்டுப் போகாதீங்க” என்று கையை வீசிக்கொண்டு வந்துவிடுவார். அடுத்த கடைக்காரன் காப்பியடித்துவிடுவான் என்ற பயம். முதலாளியே ஆசையாக எடுக்க வந்தபோதும் குறுக்கே நின்றார். எதிர்வரிசைத் துணிக்கடையில் இதே வேலை பார்த்த ஒல்லி இளைஞனை அவர் விரட்டிய வேகத்தில் அவன் செருப்பு அறுந்து, என் கடைக்கு ஒரு வியாபாரம் நடந்தது.

இந்த மாதக் கடைசியில் அந்தத் துணிக்கடையை மூடுகிறார்கள். புதிதாகத் திறக்கும் பெரிய வணிக வளாகத்தில் இதே வேலைக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். இவருக்கென்றே விட்டதுபோல ஒரு விளம்பரம். ஆனால் ரெஸ்யூமேயோடு டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ கட்டாயம்.

“நீ செஞ்சதையெல்லாம் போட்டோவா ஒரு பக்கத்துல அடுக்கணும்க்கா. அந்த லிங்க்க ரெஸ்யூமேல போடணும். அவங்க அதப் பாத்துட்டுதான் கூப்பிடுவாங்க” என்றாள் அவர் தங்கை. கடையின் பின்னறையில், துணிக்கட்டுகளுக்கு நடுவே மடிக்கணினியை விரித்திருந்தாள். திரையில் படங்களுக்கான கட்டங்கள் வெறுமையாக வரிசை கட்டி நின்றன. ஏதாவது படம் இருக்கிறதா என்று என்னிடமும் கேட்டார்கள். என் கைபேசியில் செருப்புதான் இருந்தது.

“இத்தன வருசத்துல ஒண்ணு கூடவாக்கா இல்ல?”

“தெருவே பாத்துச்சு, அது போதும்னு இருந்துட்டேன். எனக்குப் புத்தி எங்க போச்சு?” கேட்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

மாதிரிக்காக, இதே தொழிலில் இருப்பவர்களின் பக்கங்களைத் தங்கை திறந்து காட்டினாள். ஒன்றில் அந்த ஒல்லி இளைஞன் சிரித்தான். இப்போது பெரிய நிறுவனம் ஒன்றில் இருக்கிறானாம். கீழே ‘என் படைப்புகள்’. அதில் மூன்றாவதாக, மழைக்கோட்டுப் பொம்மைகளும் புரண்ட குடையும். பொம்மைகளுக்குப் பின்னால் மங்கலாக ஒரு பெண், வேண்டாம் என்று கையைத் தூக்கியபடி.

“அக்கா, இது சுத்தத் திருட்டு. அவன் கம்பெனிக்கே எழுதிப் போடுறேன்” என்று தங்கை குதித்தாள். எனக்கும் ரத்தம் கொதித்தது. பொம்மைக்காரம்மா மட்டும் படத்தைப் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் எடுத்திருக்கான். காத்து தெரியுது பாரு.”

பிறகு கணினியைத் தன் பக்கம் இழுத்தார். அவனுக்குச் செய்தி அனுப்பும் இடத்தில், ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார்: ‘தம்பி, நான் பொம்மைக்காரம்மா. நான் வச்ச அலங்காரப் படம் வேற ஏதாவது எடுத்திருந்தா அனுப்புங்க.’

ஒருமுறை படித்துப் பார்த்தார். ‘நான் வச்ச’ என்பதை மட்டும் அழித்தார்.

“அத ஏங்க்கா அழிக்கிற?”

“மனசு கோணிட்டா அனுப்ப மாட்டான்” என்று சொல்லி, அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.