அத்தானின் வலது கால்

என் அக்கா வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'பிரேக் மாஸ்டர்'. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் மட்டும் வந்த பட்டம் அல்ல அது. எதைப் பார்த்தாலும் அவருக்கு முதலில் தெரிவது ஆபத்துதான். நான் ஸ்கூட்டர் வாங்கப்போகிறேன் என்றால் எலும்பு முறிவைப் பற்றிப் பேசுவார். பாயசம் குடிக்கப் போனாலும் வாய் சுடும் என்பார். வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் போதும், சாப்பாட்டு மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். பஸ்ஸில் போனாலும் அழுத்தும். டிவியில் கார்கள் துரத்திக்கொண்டு ஓடினாலும் அழுத்தும். அப்படி ஒன்று நடப்பது அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது.

அவருடைய பயிற்சிக் கார் பழையது. பெடல்கள் தரையிலிருந்து முளைத்து நிற்கும் அந்தக் காலத்து வண்டி. ஓட்டுபவரிடம் இருப்பதைப் போலவே பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. அது அத்தானுக்கு. இரண்டு பிரேக்கையும் காருக்கு அடியில் குறுக்காக ஓடும் ஓர் இரும்புக் கம்பி சேர்த்துவைத்திருக்கும். கற்றுக்கொள்பவர் பதறிப்போய் விழித்தால் அத்தான் மிதிப்பார், கார் நிற்கும். அந்தக் காரில் இதுவரை ஒரு நாய்க்குட்டிகூட அடிபட்டதில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் கொஞ்சம் தலை நிமிரும்.

ஒருநாள் காலையில் பெட்ரோல் போடத் தனியாகப் போனவர் முகம் வெளுத்துத் திரும்பி வந்தார்.

"அடியில என்னமோ கடகடங்குது. எதோ கழண்டுக்கிட்டு வருது."

"பழைய கார்னா நாலு சத்தம் வரத்தான் செய்யும்" என்றாள் அக்கா.

"இது அந்த மாதிரி இல்ல. எதுன்னு தெரியாம இதுல எப்படிக் கத்துக்க வர்ற பிள்ளைங்களை உக்கார வைப்பேன்? சக்கரமா இருந்தா?"

அன்றே எல்லா வகுப்புகளையும் நிறுத்திவிட்டார். பட்டறைக்குப் போனார். மெக்கானிக் காரை ஓட்டினான், அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். குண்டும் குழியுமான ரோடாகப் பார்த்து ஓட்டியும் ஒரு சத்தம் இல்லை. தான் இல்லாமல் அந்தக் காரை யாரும் ஒரு தெரு தாண்டி ஓட்ட அத்தான் விடமாட்டார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மெக்கானிக் பட்டறைக் குழிக்குள் இறங்கி அடிப்பக்கத்தைப் பார்த்தபோதும் அவர் இறங்கவில்லை. "நீ கீழ தட்டிப் பாரு, நான் உள்ள இருந்து கேக்குறேன்" என்று தன் இருக்கையிலேயே உட்கார்ந்துகொண்டார். அவன் சைலன்சரைத் தட்டினான், சக்கரங்களை ஆட்டினான், குறுக்குக் கம்பியைப் பிடித்து இழுத்தான். எல்லாம் விறைப்பாக இருந்தன.

"சத்தம் கார்ல இல்ல மாஸ்டர். உங்க காதுல."

பட்டறையே சிரித்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் கடகட.

தான் தனியாக ஓட்டினால் சத்தம் வருகிறது, வேறு யாராவது ஓட்டித் தான் பக்கத்தில் உட்கார்ந்தால் வருவதில்லை. இவ்வளவு தூரம் அவரே கண்டுபிடித்துவிட்டார். 'அப்படியானால் எடைதான் காரணம்' என்று முடிவு கட்டி, பக்கத்து இருக்கையில் ஒரு சிமெண்ட் மூட்டையை ஏற்றினார். அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டதை எதிர் வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். மூட்டை இருந்தும் சத்தம் வந்தது. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மேசைக்கு அடியில் கால் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. ஏனென்றால் திங்கட்கிழமை அக்காவுக்கு லைசென்ஸ் டெஸ்ட். நோயாளிகளை வீடு வீடாகப் போய்க் கவனிக்கும் நர்ஸ் வேலை அவளுக்குக் கிடைக்கும் நிலையில் இருந்தது, கார் ஓட்டத் தெரிந்தால். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தாள். இரண்டு முறையும் ஒரே காரணம்தான், பிரேக்கை நேரத்துக்கு மிதிக்கவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், எங்கள் தெருவில் அதை வாத்தியார் பெண்டாட்டி மக்கு என்று மாற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அவள் மக்கு இல்லை. அவள் கால் தூக்குவதற்கு முன்பே இவர் மிதித்துவிடுவார். பிறகு அவள் கால் எதற்காகக் கற்றுக்கொள்ளும்?

"சத்தம் எதுன்னு தெரியாம உன்னை இந்தக் கார்ல அனுப்ப மாட்டேன்" என்றார் அத்தான்.

"அப்போ இந்த ஜென்மத்துல அனுப்ப மாட்டீங்க" என்றாள் அக்கா. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

ஞாயிறு காலையில் மூன்று பேரும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போனோம். அங்கே ரோடு ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு அம்மைத் தழும்பாக இருக்கும், சத்தம் நன்றாகக் கேட்கும். அக்கா ஓட்டினாள், நான் பின்னால். அத்தான் கீழே இறங்கி ரோட்டோரம் குந்தி உட்கார்ந்தார். கார் அவரைக் கடந்து போனபோது கடகட என்றது. அவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து ஏறினார். சத்தம் நின்றது. மறுபடி இறங்கினார், மறுபடி சத்தம். ஏறினார், நிசப்தம்.

"என்னைப் பாத்துப் பயப்படுதா இது?" என்றார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "சரி, வீட்டுக்கு விடு. டெஸ்ட் வேணாம்."

அக்கா காரைச் சரிவில் இறக்கினாள். அந்த மேட்டிலிருந்து திரும்ப வேறு வழி கிடையாது. பாதிச் சரிவில் ஒரு மரக்கடை, அடியில் லாரிகள் பறக்கும் பெரிய ரோடு. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் அத்தானின் செருப்பு என் கண்ணில் பட்டது. அது பிரேக்கின் மேல் இருந்தது. பெடல் ஒரு விரல்கடை அமுங்கியிருந்தது.

"அத்தான், கால்!"

"என்ன கால்?"

"பிரேக்கு மேல வச்சிருக்கீங்க!"

"நானா? இல்லையே" என்று குனிந்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் தன் காலைப் பார்த்தார். மெல்ல எடுத்தார். அடியில் கடகட என்றது. வைத்தார். நின்றது.

"கம்பி! அந்தக் குறுக்குக் கம்பிதான்! நான் அழுத்துறப்ப இறுகிடுது!"

பட்டறையில் அது ஏன் விறைப்பாக இருந்தது என்பதும் எனக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. குழிக்கு மேலே இந்த மகராசன்தானே உட்கார்ந்திருந்தார்.

எறும்பைக்கூட எச்சரித்துவிட்டு நடக்கிற மனிதர், காரை ஓரமாக நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் அதை மறந்துபோனார். இன்னொரு முறை கேட்க வேண்டும் அவருக்கு. காலை எடுத்தார், அது தானாகத் திரும்பிப் போனது. மறுபடி எடுத்தார், மறுபடி போனது. கடைசியில் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி இருக்கையின் மேல் மடித்துவைத்தார். இன்னொரு காலையும் மடித்துச் சம்மணம் போட்டுக்கொண்டார். கடகட பலமானது. கடகடகட. பிறகு 'டங்' என்று ஒரு சத்தம். அதன்பின் இரும்பு ரோட்டில் இழுபடும் சத்தம்.

அதே நேரத்தில் மரக்கடை வாசலிலிருந்து ஒரு லாரி பின்பக்கமாக ரோட்டுக்கு வந்தது. அதன் முதுகைத் தாண்டி நீளநீளமாக மரச்சட்டங்கள் நீட்டிக்கொண்டிருந்தன, எங்கள் கண்ணாடிக்கு நேராக.

அத்தான் காலை உதறி இறக்கி மிதித்தார். பெடல் பட்டென்று தரையில் போய் அடித்தது. மறுபடி மிதித்தார், மறுபடி பட். கார் நிற்கவில்லை. அவர் வாயைத் திறந்தார். வாழ்நாள் முழுக்க 'பிரேக்கு, பிரேக்கு' என்று கத்திய வாயிலிருந்து அன்று ஒரு சொல் வரவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்ற நினைப்பு மட்டும் வந்தது.

என் நெற்றி முன்சீட்டில் மோதியது. கார் ஒரு குலுக்கலோடு நின்று இன்ஜின் அணைந்தது. கண்ணைத் திறந்தேன். கண்ணாடிக்கு ஒரு முழத்துக்கு அப்பால் ஒரு சட்டத்தின் முனை நின்றது. அதில் கட்டியிருந்த சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது. அக்கா ஹாண்ட் பிரேக்கை இழுத்தாள். பிறகு அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"நான்தான் பாத்துட்டேன்ல? அதுக்குள்ள எதுக்கு மிதிக்கிறீங்க? ஒரு தடவையாச்சும் என்னை மிதிக்க விடக் கூடாதா?"

அத்தான் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் நிறுத்தலம்மா."

"பொய் சொல்லாதீங்க. நீங்க மிதிச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

"மிதிச்சேன். ரெண்டு தடவை மிதிச்சேன். அங்க ஒண்ணுமே இல்ல." குனிந்து பெடலைக் கையால் ஆட்டிக் காட்டினார். அது ஆடுகிற பல்லாக இப்படியும் அப்படியும் ஆடியது. "நீதான் நிறுத்துன. நீ மட்டும்தான்."

அக்கா அந்தப் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அத்தான் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெட்கத்தோடு, சத்தமாக. பயத்தினால் மட்டும் அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அழுதேன், எனக்குப் பயம்தான். லாரிக்காரர் இறங்கிவந்து, மூன்று பேர் அழுவதைப் பார்த்துவிட்டு, திட்ட வந்ததை மறந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மெக்கானிக் வந்து ரோட்டிலேயே படுத்துப் பார்த்தான். கம்பியின் முனையைப் பூட்டிவைக்கும் சின்ன பின் எப்போதோ தேய்ந்து விழுந்திருக்கிறது. "இத்தனை நாளும் உங்க கால்தான் மாஸ்டர் இதைத் தாங்கிப் பிடிச்சிருக்கு" என்றான். காதைப் பற்றிச் சொன்னதற்கு அவனுக்குள் கொஞ்சம் உறுத்தல் இருந்திருக்கும், கூலி வாங்கவில்லை. அன்று மாலையே புது பின் போட்டுக் கம்பியை மாட்டிவிட்டான். திங்கட்கிழமை அக்கா அதே காரில் போய் லைசென்ஸோடு திரும்பி வந்தாள்.

அத்தான் இப்போதும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். வகுப்பு தொடங்குவதற்கு முன் தினமும் குனிந்து அந்த பின்னைத் தொட்டுப் பார்க்கிறார். சாப்பாட்டு மேசைக்கு அடியில் கால் இன்னும் அழுத்துகிறது. அக்கா ஓட்டும்போது மட்டும், காரில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் இருக்கையின் மேல் மடித்துச் சம்மணம் போட்டுக்கொள்கிறார். போன வாரம் அதே சரிவில் இறங்கும்போது அவர் முகம் வேதனையில் சுருங்கியிருந்ததை அக்கா கவனித்துவிட்டாள்.

"கால் மரத்துப் போச்சா? இறக்கி வச்சுக்கங்களேன்."

"மரத்தா மரத்துட்டுப் போகட்டும்" என்றார் அத்தான். "நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."